அளவு நாடா பிடிப்பதும் சாட்சியம் சொல்வதுதான்



வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. 2025-ஆம் ஆண்டு ஒரு காணொளியால் தமிழ்நாடே பேசிய ஊர். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆடி மாதம் என்றால் காற்றும் விளையாட்டு விழாவும்தான். பள்ளி திறந்த சில வாரங்களில் பள்ளி அளவிலான போட்டி, அதன்பின் குறுவட்டப் போட்டி, அதில் வென்றால் மாவட்டம், பிறகு மாநிலம் என்று வரிசையாக வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவுக்கு நம்மை விருந்தினராக அழைத்திருந்தார்கள். மேடையில் உட்கார்ந்து சால்வை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் நம் வேலை என்று நினைத்திருந்தோம். நீளம் தாண்டுதல் நடக்கும் இடத்தில் ஆள் போதவில்லை. இருந்த ஒரே உடற்கல்வி ஆசிரியர் ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கி வைக்கப் போய்விட்டார். "ஹஜ்ரத், கொஞ்சம் டேப் பிடிச்சுக்கிறீங்களா?" என்றார்கள். பிடித்தோம். பையனின் கால் பலகையில் எந்த இடத்தில் பட்டதோ அங்கிருந்து மணலில் குதிகால் பதிந்த இடம் வரை நாடாவை இழுத்து, எண்ணைச் சத்தமாகச் சொன்னோம். ஐந்தாறு பிள்ளைகள் தாண்டி முடித்த பிறகுதான் அந்த ஆசிரியர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், சாய்வா அளக்கக் கூடாது, பலகைக் கோட்டுக்கு நேரா இருக்கணும்" என்றார். அதற்குள் மணலைச் சமப்படுத்திவிட்டார்கள். தடம் எதுவும் மிச்சமில்லை. மீதிப் பிள்ளைகளைச் சரியாக அளந்தோம்.

மாலையில் ஒரு தாய் வந்தார். "ஹஜ்ரத், எம் மகன் நல்லாத்தான் தாண்டுனான். அளக்குறதுல போயிருச்சு" என்றார். அவர் மகன் நாம் சரியாக அளக்கத் தொடங்கிய பிறகு தாண்டியவன். சாய்வாக அளக்கப்பட்ட ஒருவனைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு என்று நான்காம் இடத்துக்குப் போயிருந்தான். அந்தத் தாய் யாரையோ குற்றம் சொல்ல வந்தார். குற்றவாளி நாமாகவே இருந்தோம். அதை அவரிடமே சொன்னோம்.

அன்றைக்குப் பிறகுதான் இந்த விதிகளை உட்கார்ந்து படித்தோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பங்கெடுக்கும் போட்டிகள் இவை. பல பள்ளிகளில் பெற்றோரும் பழைய மாணவர்களும்தான் கொடி பிடிக்கவும் நாடா பிடிக்கவும் நிற்கிறார்கள். ஆகவே தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மூன்று சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2022 ஆகஸ்ட்டில் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் ஆண்களுக்கான மும்முறைத் தாண்டுதலில் கேரளத்தின் எல்தோஸ் பால் 17.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அதே கேரளத்தின் அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். இருவருக்கும் இடையே ஒரே ஒரு சென்டிமீட்டர். நம் தமிழ்நாட்டு வீரர் பிரவீன் சித்திரவேல் 16.89 மீட்டர் தாண்டினார். வெண்கலம் 16.92 மீட்டருக்குப் போனது. மூன்று சென்டிமீட்டரில் பதக்கம் தவறியது. அது உலக மேடை, மின்னணுக் கருவியால் அளந்தார்கள். நம் பிள்ளைகளின் ஆண்டை முடிவு செய்வது சுண்ணாம்புப் பொடியும் ஒரு ஃபைபர் நாடாவும்தான். பள்ளியில் நான்காம் இடம் என்றால் குறுவட்டம் இல்லை. குறுவட்டம் இல்லையென்றால் மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை. தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. உயர்கல்வியிலும் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. அவற்றுக்குப் போகும் சான்றிதழ் வரிசையின் முதல் படி, ஒரு கிராமத்துப் பள்ளியின் மணல் குழியில்தான் இருக்கிறது.

இனி அளவைக்கு வருவோம். நீளம் தாண்டுதலில் பலகையின் மணல் பக்கத்து விளிம்புதான் கோடு. பையன் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் பின்னாலிருந்து எழும்பியிருந்தாலும் கோட்டிலிருந்துதான் அளவு தொடங்கும். 'அவன் பின்னாலிருந்தே தாண்டினானே, அதைச் சேர்க்க வேண்டாமா' என்று சில பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். சேர்க்கக் கூடாது. அந்த இழப்பு எல்லாருக்கும் பொதுவானது. மணலில் பதிந்த தடங்களில் கோட்டுக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதுவரை அளக்க வேண்டும். குதிகால் முன்னால் பட்டு, பையன் பின்பக்கம் சாய்ந்து கையை ஊன்றிவிட்டால் கை பட்ட இடம்தான் கணக்கு. அங்கிருந்து கோட்டுக்கு, தேவையானால் கோட்டை இரு பக்கமும் நீட்டிக்கொண்டு, செங்குத்தாக நாடா போக வேண்டும்.

நாம் செய்த தவறு எவ்வளவு பெரியது என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சரியான தூரம் 4.50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் எழும்பிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் பக்கவாட்டில் அரை மீட்டர் வித்தியாசம் இருந்தால் சாய்வாக அளக்கும்போது 4.52 வரும். ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் 4.60. கோணலாகத் தாண்டிய பிள்ளைக்கு 10 சென்டிமீட்டர் இனாம்!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சாய்ந்த நாடாவும் தொய்ந்த நாடாவும் எப்போதும் தூரத்தைக் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டாது. 'ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் கூடப் போனால் என்ன, யாருக்கும் நஷ்டமில்லையே' என்று தோன்றும். போட்டியில் அப்படி இல்லை. ஒருவனுக்குக் கூட்டிக் கொடுத்தது, நேராக அளக்கப்பட்ட அடுத்தவனிடமிருந்து எடுத்ததுதான். அளவையில் மோசடி செய்பவர்களைப் பற்றி அல்லாஹ் தனி அத்தியாயமே இறக்கியிருக்கிறான் (அல்குர்ஆன் 83). தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்பது அதன் தொடக்கத்தின் கருத்து. அன்றைய மதீனாவில் ஒருவர் வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என இரண்டு மரக்கால் வைத்திருந்தார் என்று தஃப்ஸீர் நூல்களில் வருகிறது. முதல் ஐந்து பிள்ளைகளுக்குச் சாய்வாகவும் மீதிப் பிள்ளைகளுக்கு நேராகவும் அளந்த அன்று நம் கையிலும் இரண்டு மரக்கால் இருந்தது. தெரியாமல் செய்தோம் என்பது நம் மனதுக்கு ஆறுதல். அந்தப் பையனுக்கு அது எந்த வகையிலும் ஆறுதல் இல்லை.

நாடாவின் பூஜ்ய முனை மணலில் இருக்க வேண்டும், எண்ணைப் பலகைக் கோட்டில் நிற்பவர் படிக்க வேண்டும். நாம் துணிக்கடைப் பழக்கத்தில் பூஜ்யத்தைப் பலகையில் வைத்தோம். இன்னொன்று, சில நாடாக்களில் வளையத்தின் முனையிலிருந்தே பூஜ்யம் தொடங்கும். சிலவற்றில் எண் இல்லாத வெறும் பட்டை கொஞ்சம் போன பிறகுதான் தொடங்கும். போட்டிக்கு முன்பே நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்து, நாடா பிடிப்பவர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சென்டிமீட்டருக்குக் கீழே மிச்சம் வந்தால் அதை விட்டுவிட வேண்டும். 4 மீட்டர் 50.9 சென்டிமீட்டர் என்றாலும் 4.50 தான். 'கிட்டத்தட்ட 51 தானே' என்ற பேச்சுக்கு இடமில்லை.

படிப்பவர் சத்தமாகச் சொல்ல, எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய நீண்ட வசனத்தில் (2:282) எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று வருகிறதல்லவா? அந்த ஒழுங்கு இங்கும் அப்படியே பொருந்தும். எழுதி முடித்த பிறகுதான் மணலைச் சமப்படுத்த வேண்டும். தடம் இருக்கும்வரை மறுபடி அளக்கலாம். மண்வெட்டி போட்டுவிட்டால் சாட்சியத்தை அழித்தது போல்தான்.

ஒவ்வொருவரின் எல்லாத் தாண்டல்களையும் எழுத வேண்டும். சிறந்ததை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவது நம் பள்ளிகளில் சகஜம். பர்மிங்காமில் ஆண்கள் நீளம் தாண்டுதலில் பஹாமாஸ் நாட்டின் லக்வான் நெய்ர்னும் இந்தியாவின் ஸ்ரீசங்கரும் 8.08 மீட்டர் தாண்டிச் சமமாக நின்றார்கள். இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்தார்கள். நெய்ர்னுக்கு 7.98, ஸ்ரீசங்கருக்கு 7.84. தங்கம் நெய்ர்னுக்குப் போனது. இரண்டாவது தாண்டலை எழுதி வைக்காத பள்ளியில் இந்த நிலை வந்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் பூவா தலையா போடுவார்கள். அல்லது யாருடைய அத்தா வந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள்.

உயரம் தாண்டுதலில் சமன் வந்தால் கணக்கு வேறு. கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறுகள் குறைவு என்று முதலில் பார்க்க வேண்டும். அதிலும் சமம் என்றால் அந்த உயரம் வரை மொத்தத் தவறுகள் யாருக்குக் குறைவு என்று பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் முஃதஸ் ஈஸா பர்ஷிமும் இத்தாலியின் ஜியான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் தாண்டினார்கள். 2.39-ல் இருவரும் மூன்று முறையும் தவறினார்கள். மீண்டும் தாண்டிப் பார்க்கலாம் என்று அதிகாரி சொன்னபோது, இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். விதியில் இடம் இருந்தது, இருவருக்கும் தங்கம் கிடைத்தது. அந்தக் காட்சியைப் பார்த்து நாம் நெகிழ்ந்தோம். அது நடந்ததற்குக் காரணம், ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு முயற்சியும் எழுதப்பட்டிருந்ததுதான்.

குண்டு எறிதலில் முதலில் பார்க்க வேண்டியது எடை. சர்வதேச விதிப்படி 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 5 கிலோ, பெண்களுக்கு 3 கிலோ. 20 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோ. பெரியவர்களில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. நம் பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு வேறு மாதிரி இருப்பதால், எந்தப் பிரிவுக்கு எந்தக் குண்டு என்று சுற்றறிக்கையைப் பார்த்து முன்பே எழுதி ஒட்ட வேண்டும். பழைய குண்டின் மேல் இருக்கும் எழுத்தை நம்பாமல் மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடலாம். பாதி வழியில் குண்டை மாற்றுவது கூடவே கூடாது.

வட்டத்தின் குறுக்களவு 2.135 மீட்டர். குண்டு விழ வேண்டிய பகுதியைக் குறிக்க இரண்டு கோடுகள் வேண்டும், அவற்றுக்கு இடையே 34.92 பாகைக் கோணம். இதைக் கேட்டதும் பலர் மலைத்துப் போய்க் கண்ணளவில் கோடு போட்டுவிடுகிறார்கள். எளிய வழி ஒன்று உண்டு. வட்டத்தின் மையத்திலிருந்து 10 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையே 6 மீட்டர் இருந்தால் கோணம் சரி. 20 மீட்டரில் 12 மீட்டர் இருக்க வேண்டும். கயிறும் நாடாவும் போதும். குண்டு கோட்டின் மேல் விழுந்தாலும் ஃபவுல்தான். அளக்கும்போது பூஜ்ய முனை குண்டு பதிந்த தடத்தில், வட்டத்துக்கு அருகில் உள்ள விளிம்பில் இருக்க வேண்டும். நாடா வட்டத்தின் நடுப்புள்ளி வழியாகப் போக வேண்டும். எண்ணை வட்டத்தின் உள் விளிம்பில் படிக்க வேண்டும். நடுப்புள்ளி வழியாகப் போகாத நாடா இங்கேயும் தூரத்தைக் கூட்டித்தான் காட்டும். வட்டத்தின் நடுவில் ஒரு ஆணி அடித்து வைத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. குண்டு தரையில் விழும்வரை பிள்ளை வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வரும்போது பின்பாதி வழியாகத்தான் வர வேண்டும். இந்த விதி தெரியாமல் நல்ல எறிதலை எறிந்துவிட்டு மகிழ்ச்சியில் முன்னால் ஓடி வந்து ஃபவுல் ஆகும் பிள்ளைகள் ஏராளம். போட்டி தொடங்கும் முன் ஒருமுறை எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிவிடுவது நடுவரின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

வயதுப் பிரிவு என்றதும் நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயம் நினைவுக்கு வருகிறது. பந்தயத்துக்கென உடல் இறுக்கிப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பழக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். புகாரியில் வரும் செய்தி இது. அந்தப் பந்தயத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள். அதே இப்னு உமர் (ரலி) உஹதுப் போரின்போது 14 வயதில் அனுமதிக்கப்படவில்லை, அகழ்ப் போரின்போது 15 வயதில் அனுமதிக்கப்பட்டார்கள் என்பதும் புகாரியில் உண்டு. வயது ஒரு எல்லை, அதை ஆர்வம் தாண்ட முடியாது. நம்மவர்களில் சிலர் பையனை ஒரு வயது குறைத்துக் காட்டி இளையோர் பிரிவில் இறக்கிவிடுகிறார்கள். 'பள்ளியில் சேர்க்கும்போதே அப்படித்தான் கொடுத்தோம்' என்று சொல்கிறார்கள். 14 வயதுப் பிள்ளைகள் நடுவே 16 வயதுப் பையன் குண்டு எறிந்து வாங்கும் கோப்பையை வீட்டில் எங்கே வைப்பது?

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் வேகமாகப் புரட்டிக் கடந்துபோன ஒரு பாடம், இந்த விதிகளைப் படித்த பிறகு புதிதாகத் தெரிந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் நூல்களில் ஒன்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன். நவவி இமாம் 1277-ல் மறைந்தவர்கள். அந்த நூலில் பந்தயத்துக்கும் அம்பெய்தல் போட்டிக்கும் தனிப் பாடமே இருக்கிறது. தூரம் தெரிந்திருக்க வேண்டும், இலக்கின் அளவு தெரிந்திருக்க வேண்டும், யார் முதலில் எய்வது என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். எய்யும்போது வில்லின் நாண் அறுந்தாலோ, அம்பின் குறுக்கே ஏதாவது வந்து மோதினாலோ, அந்த அம்பு தவறியதாக அவர் கணக்கில் எழுதப்படாது என்றும் வருகிறது. ஏறக்குறைய எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது! இன்றைய தடகள விதியும் இதையேதான் சொல்கிறது. போட்டியாளரின் தவறில்லாமல் இடையூறு நேர்ந்தால், அல்லது அவர் முயற்சியைச் சரியாகப் பதிவு செய்ய முடியாமல் போனால், நடுவர் அவருக்கு மாற்று வாய்ப்புத் தரலாம். 2023 அக்டோபர் 4 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நீரஜ் சோப்ராவின் முதல் ஈட்டி எறிதலை அளக்கத் தவறினார்கள். அவர் நின்று கேட்டார், மீண்டும் எறிய விட்டார்கள். பிறகு 88.88 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஓடி வரும்போது குறுக்கே நாய் வந்துவிட்டது, முன்னால் ஒரு குழந்தை ஓடியது என்றால் நம் பள்ளிப் பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு.

ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது. மலையிலிருந்து இறங்கும் காற்றில் பந்தல் தாங்காது. காற்று முதுகில் பட்டால் தாண்டும் தூரம் கூடும். 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டி இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் தேசியச் சாதனை ஸ்ரீசங்கர் பெயரில்தான் பதிவானது. சாதனைக்குப் பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஜெஸ்வின் தாண்டியபோது 4 மீட்டருக்கு மேல் இருந்தது. முதலிடம் ஜெஸ்வினுக்கு, சாதனை ஸ்ரீசங்கருக்கு. இரண்டும் நியாயம்தான். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெஸ்வினே 8.42 மீட்டர் தாண்டி அந்தச் சாதனையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பள்ளியில் காற்றுமானி இருக்காது. ஆனால் ஒரே போட்டியின் நடுவில் ஓடும் திசையையோ குழியையோ மாற்றாமல் இருக்கலாம். தாண்டும் வரிசையைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கலாம். 'பள்ளிச் சாதனை' என்று மைக்கில் அறிவிக்கும் முன் அன்றைய காற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் இந்த விதிகள் எல்லாம் காகிதம்தான். அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்த வழியே வந்து, எய்யுங்கள் என்று ஊக்கப்படுத்தி, தாம் ஒரு அணியோடு இருப்பதாகச் சொன்னார்கள். உடனே மறு அணியினர் எய்வதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டபோது, தாங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வோம் என்றார்கள். அப்படியானால் உங்கள் எல்லோரோடும் இருக்கிறேன், எய்யுங்கள் என்றார்கள் நபியவர்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவித்து புகாரியில் வரும் செய்தியின் சாரம் இது. அங்கே நபியவர்கள் நடுவராகக்கூட இருக்கவில்லை. பார்வையாளராக ஒரு சொல் சொன்னதற்கே மறு அணி தயங்கியது, அந்தத் தயக்கத்தை அவர்கள் மதித்தார்கள். விருந்தினராக மேடையிலிருந்து கொண்டு தம் தெருப் பையனுக்கு மட்டும் கைதட்டும் நம் ஜமாஅத் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும். தம் பிள்ளை தாண்டும் குழியில் அத்தாவோ மாமாவோ கொடி பிடிக்கவே கூடாது. பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், தமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கட்டளை (4:135) அவர் கையிலிருக்கும் சிவப்புக் கொடிக்கும் உண்டு.

சொந்த நாட்டுப் பாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1987-ல் ரோம் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டி சாட்சி. நீளம் தாண்டுதலில் இத்தாலியின் ஜியோவானி எவாஞ்சலிஸ்டிக்கு 8.38 மீட்டர் என்று அறிவித்து வெண்கலம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் லாரி மிரிக்ஸ் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அளவு பொய்யானது, இத்தாலிய அதிகாரிகளின் வேலை அது என்று பின்னர் நிரூபணமானது. பதக்கம் மிரிக்ஸுக்கே போனது. அதை வெளியே கொண்டுவரப் போராடியவர் சாண்ட்ரோ டொனாட்டி, அவரும் ஒரு இத்தாலியப் பயிற்சியாளர்தான்.

எறிதல் போட்டிகளில் நியாயத்துக்கும் முன்னால் உயிர் இருக்கிறது. 2019 அக்டோபர் 4 அன்று கேரளத்தின் பாலாவில் மாநில இளையோர் தடகளப் போட்டியில் ஈட்டி எறிதலும் சங்கிலிக் குண்டு எறிதலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. ஈட்டிகளை எடுத்து வரும் உதவிக்கு நின்ற 16 வயதுப் பள்ளி மாணவன் தலையில் சங்கிலிக் குண்டு விழுந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்து அந்தப் பிள்ளை இறந்துபோனான். அவன் போட்டியாளன்கூட இல்லை, உதவிக்கு வந்தவன். ஒரு மைதானத்தில் ஒரு நேரத்தில் ஒரு எறிதல் மட்டும் நடக்க வேண்டும். களத்தில் ஒருவர்கூட இல்லை என்று உறுதி செய்த பிறகே எறிய விட வேண்டும். குண்டையும் ஈட்டியையும் நடந்து போய் எடுத்து வர வேண்டும், திருப்பி எறியக் கூடாது. இதை நடத்த ஆள் இல்லையென்றால் அந்தப் பள்ளி ஈட்டிப் போட்டியை அந்த ஆண்டு விட்டுவிடுவது நல்லது. இதில் நாம் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பெற்றோருக்குச் சில விஷயங்கள். நடுவர் சிவப்புக் கொடி காட்டியது தவறு என்று பிள்ளைக்குத் தோன்றினால் பிள்ளை அங்கேயே, உடனே, மரியாதையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் தலைமை நடுவர் அந்தத் தாண்டலை அளந்து தனியே எழுதி வைக்கச் செய்யலாம், முடிவைப் பிறகு எடுக்கலாம். முடிவு அறிவித்த பிறகு என்றால் சர்வதேச விதிப்படி 30 நிமிடத்துக்குள் முறையீடு செய்ய வேண்டும், பள்ளியின் ஆசிரியர் வழியாகச் செய்வதே முறை. கயிறு தாண்டிக் குதித்து நடுவரைச் சூழ்ந்துகொள்வது முறையீடு அல்ல. கோபத்தில் இருக்கும்போது தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நீதிபதிக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கும்போது, அந்தக் கோபத்தை மூட்டும் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்? தோற்றால் தோல்விதான். நபியவர்களின் அள்பா என்ற ஒட்டகம் தோற்றதே இல்லை என்றிருந்தது. ஒரு கிராமத்து அரபியின் இளம் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்களுக்குத்தான் வருத்தமாக இருந்தது. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று நபியவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

நம் பெண் பிள்ளைகள் முழுக்கை உடையும் தலையில் முக்காடும் அணிந்து குண்டு எறியவோ நீளம் தாண்டவோ வந்தால் 'இந்த டிரெஸ்ஸில் முடியாது' என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். உடை சுத்தமாகவும் ஆட்சேபத்துக்கு இடமில்லாமலும் இருக்க வேண்டும் என்பதே சர்வதேச விதி கேட்பது. கை கால் மூடியிருப்பதை அது தடுக்கவில்லை. முக்காட்டின் நுனி தொங்காமல் உள்ளே செருகியிருப்பது பிள்ளைக்கே நல்லது. நீளம் தாண்டுதலில் தொங்கும் துணி மணலில் பட்டால் அந்தத் தடத்திலிருந்து அளந்துவிட வாய்ப்புண்டு.

வெள்ளிக்கிழமை போட்டி என்றால் ஜும்ஆ நேரத்தில் பையன் பெயர் கூப்பிடப்படலாம். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த வாய்ப்பு போனதுதான், சுற்று முடிந்த பிறகு திரும்பக் கேட்க முடியாது. மைதானத்தில் போய் நின்றுகொண்டு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. நிகழ்ச்சி நிரல் தயாராகும்போதே, ஒரு வாரத்துக்கு முன்பே பள்ளிவாசல் நிர்வாகிகள் இருவர் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து, பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை மணி வரை களப் போட்டிகள் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு இடைவேளையும் அந்த நேரத்தில்தானே வருகிறது.